நாற்பத்தைந்தின் உருவில் ஓர் இருபத்திரண்டு

என்னிடம் உள்ள கைத்துப்பாக்கியை முதன்முறை பார்ப்பவர்கள் சற்றுப் பின்வாங்குகிறார்கள். அதற்குள் போகும் ரவையை எடுத்துக் காட்டியதும் சிரித்துவிடுகிறார்கள். கணினி விளையாட்டுகளின் தயவால் உலகிலுள்ள துப்பாக்கிகளின் பெயர்களையெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கும் என் அக்காவின் மகன், நான் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில், "மாமா, இது நைன்டீன் இலெவன்தானே? நாப்பத்தஞ்சுதானே?" என்று கேட்டான். பென்சிலைவிட மெலிந்த, ஓர் அங்குலமே நீளமான இருபத்திரண்டு ரவை (விட்டம் .22 அங்குலம்) ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தேன். "இம்புட்டுத்தானா மாமா?" என்றான். அன்று அவனுக்கு முழுதாகச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உருவத்தைப் பற்றி அவன் சொன்னது சரிதான். 1911 ஆம் ஆண்டு மார்ச் 29 ஆம் திகதி அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்டதால் அந்த ஆண்டையே பெயராகப் பெற்றுவிட்ட கைத்துப்பாக்கி அது. வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்தின் ஒக்டன் நகரில் பிறந்த ஜோன் மோசஸ் பிரௌனிங். உருவாக்கி விற்றது கோல்ட் நிறுவனம். 1985 இல் இத்தாலிய பெரெட்டாவுக்கு இடம்விட்டு விலகும்வரை அது அமெரிக்கப் படைகளின் இடுப்பில் முக்கால் நூற்றாண்டு இருந்தது. என்னிடம் உள்ளது அந்த உருவத்தை அளவு குறையாமல் நகலெடுத்து ஜேர்மனியில் செய்யப்பட்டது. குழல் 5 அங்குலம். ரவைக்கூட்டில் 10 ரவைகள். நிறை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூலத் துப்பாக்கி ஒரு கிலோ 100 கிராமைத் தொடும். அதன் ரவைக்கூட்டில் 7 ரவைகள்தான்.

நாற்பத்தைந்து, அதாவது .45 அங்குல விட்டம், என்ற அளவு எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரிந்திருக்காது. 1898 இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸைப் பெற்ற அமெரிக்கா, அத்தீவுகளின் தென்புறத்தில் மோரோ மக்களோடு போரிட்டபோது, தங்கள் கையிலிருந்த .38 சுழல்துப்பாக்கிகள் பாய்ந்து வருபவரை நிறுத்துவதில்லை என்று படையினர் முறையிட்டனர். 1904 இல் தொம்சன், லகார்ட் என்னும் இரு படை அதிகாரிகள் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் உயிருள்ள மாடுகளின் மீது சுட்டுப் பார்த்து, .45 அங்குலத்துக்குக் குறைந்த விட்டம் உதவாது என்று முடிவு சொன்னார்கள். அந்த முடிவைத்தான் பிரௌனிங் இரும்பில் வடித்தார். இன்றும் துப்பாக்கி விரும்பிகள் 'நிறுத்தும் வலு' என்ற சொல்லை ஏதோ இயந்திரவியல் அளவு போலப் பயன்படுத்துகிறார்கள். குடியேற்ற ஆட்சி நட்டுவைத்த தேயிலைக்கு நடுவே பிறந்தவன் என்பதாலோ என்னவோ, யாரை நிறுத்துவதற்கு என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு அச்சொல்லை என்னால் கேட்க முடிவதில்லை.

இருபத்திரண்டின் பிறப்பு சாதுவானது. 'லோங் ரைபிள்' எனப்படும் இந்த ரவையை அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887 இல் வெளியிட்டது. ஆகவே 1911 துப்பாக்கியைவிட இந்தச் சிறியவர் வயதில் 24 ஆண்டு மூத்தவர். இதன் ஈயச் சன்னம் 2.6 கிராம்; என்னுடையதைப் போன்ற குறுங்குழலிலிருந்து நொடிக்குச் சுமார் 300 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. நாற்பத்தைந்தின் சன்னமோ ஏறத்தாழ 15 கிராம். வேகம் நொடிக்கு 255 மீற்றர் அளவில் நிற்கும். கணக்குப் போட்டால், ஆற்றலில் நான்கு மடங்கு வேறுபாடு வருகிறது. கையை உதைப்பதற்குக் காரணமான உந்தத்திலோ வேறுபாடு ஐந்து மடங்கு. அந்த ஐந்து மடங்கு உதைப்பு இல்லாமற்போவதுதான் எனக்குப் பெரிய விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளித்தோற்றம் ஒன்றே ஆனாலும் உள்ளே நடப்பது வேறு. மூலத் துப்பாக்கியில் குழலும், அதன்மேல் முன்பின் நகரும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிய நிலையில் சிறிது தூரம் சேர்ந்தே பின்வாங்கும். சன்னம் வெளியேறி அழுத்தம் தணிந்த பிறகு ஒரு சிறு இணைப்புத்துண்டு குழலின் பின்பகுதியைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்கும். இவ்வளவு வேலைக்கும் தேவையான பலம் இருபத்திரண்டிடம் கிடையாது. ஆகவே என்னுடையதில் குழல் அசையாமல் நிற்கிறது. ஸ்லைடைத் தன் எடையும் ஒரு சுருள்வில்லும் மட்டுமே பிடித்து வைத்திருக்கின்றன. எஃகு ஸ்லைடைத் தள்ள இந்த ரவைக்குத் திராணி போதாதென்று ஸ்லைடைத் துத்தநாகக் கலப்புலோகத்தில் செய்திருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கும் 'பொம்மைச் சாமான்' என்ற எண்ணம் வந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அசையாத குழல் குறிதவறாமைக்கு நல்லது என்பதைச் சுட்டுப் பார்த்த பின்னர்தான் விளங்கிக்கொண்டேன்.

நாற்பத்தைந்தின் உருவில் இருபத்திரண்டு என்னும் இந்தக் கலப்பு நம் காலத்துக் கண்டுபிடிப்பும் அன்று. மலிவான ரவையில் பயிற்சி பெறுவதற்காகக் கோல்ட் நிறுவனமே 1931 இல் 'ஏஸ்' என்ற பெயரில் இருபத்திரண்டை வெளியிட்டது. அதன் உதைப்பு மிகச் சாதுவாக இருக்கிறதென்று குறைப்பட்டவர்களுக்காக 1937 இல் 'சேர்விஸ் ஏஸ்' வந்தது. அதில் ரவை அமரும் அறையே தனித் துண்டாகப் பின்னோக்கி நகர்ந்து ஸ்லைடைத் தள்ளும். அதனால் சிறு ரவையும் பெரியதைப் போலக் கையை உதைக்கும். அந்த மிதக்கும் அறையை உருவாக்கியவர் டேவிட் மார்ஷல் வில்லியம்ஸ். வட கரோலினாவில் ஒரு துணை ஷெரிப்பைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்று, சிறைப் பட்டறையிலேயே துப்பாக்கிகளை வடிவமைத்து, 1929 இல் விடுதலையான மனிதர். அவர் அறிவை நான் மெச்சுகிறேன். ஆனால் இல்லாத உதைப்பை வேண்டி வரவழைத்துக்கொள்வது எனக்குப் புரியாத ஆசை.

இனி இது என் கைக்கு வந்த கதை. நான் ஒரு மலையகத் தோட்டத்தின் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை பதப்படுத்துவதைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அப்பா அதே தோட்டத்தின் ஸ்டோரில் ரோலர் அறையில் நின்றவர். சம்பள நாளில் டவுன் வங்கியிலிருந்து பணப்பெட்டியோடு தோட்ட நிர்வாகியான துரையின் ஜீப் ஏறி வரும்போது அவர் இடுப்பில் ஒரு தோலுறை இருக்கும். அதற்குள் இருந்தது சுழல்துப்பாக்கியா பிஸ்டலா என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகளாகிய எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மூடி போட்ட அந்த உறையின் புடைப்பு மட்டுமே தெரியும். அதற்கு முந்திய தலைமுறைக்கு இது இன்னும் தூரத்துப் பொருள். 1900 இல் உருவாகி, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு, 1949 இல் கலைக்கப்பட்ட இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படையில் ஐரோப்பியத் துரைமார்தாம் இருந்தார்கள். மலையகத்தில் குறிபார்த்துச் சுடுதல் என்பது மிக நீண்ட காலம் பங்களாப் பக்கத்துப் பொழுதுபோக்கு.

லயத்துப் பக்கத்தில் துவக்கு, அதாவது துப்பாக்கி, என்ற சொல்லுக்கு வேறு நினைவுகள். 1940 ஜனவரி 10 அன்று முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் விழுந்த தொழிலாளி கோவிந்தனின் பெயரை அப்பாயி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டபோது நான் பள்ளிச் சிறுவன். ஆகவே, ஓய்வுக்குப் பின் சுடும் கழகம் ஒன்றில் சேரப் போகிறேன், சொந்தமாகவே ஒரு பிஸ்டல் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது, என் மனைவி, "அந்தச் சனியன வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க" என்று சொன்னதில் வியப்பில்லை. அவருடைய சொல்லுக்குப் பின்னே எண்பது வருடம் இருந்தது. சுவரோடு முறுக்கிய இரும்புப் பெட்டி, ரவைகளுக்கு வேறொரு அறையில் வேறொரு பூட்டு, இரண்டு திறப்புகளும் ஒரே வளையத்தில் இருக்கக் கூடாது என்ற அவருடைய நிபந்தனை ஆகியவற்றின் பேரில் சமாதானம் ஏற்பட்டது. அந்த நிபந்தனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்க வேண்டிய அளவுக்கு நல்ல நிபந்தனை.

சட்டத்தின் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டந்தான் இன்றும் அடிப்படை. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சு, பொலிஸ், கழகத்தின் கடிதம் என்று நான் நடந்த நடையைக் கூட்டினால் சிவனொளிபாத மலையை நாலைந்து முறை ஏறி இறங்கியிருக்கலாம். முறைப்பாடாகச் சொல்லவில்லை. இப்பொருள் எளிதில் கிடைக்கக் கூடாது என்றே நானும் நினைக்கிறேன்.

எனக்கு எட்டும் சுடுகளம் கீழ்நாட்டில் இருக்கிறது. மாதம் ஒருமுறை விடியுமுன் ஹட்டனில் புறப்பட்டு, கினிகத்தேனையின் மூடுபனிக்குள் வளைந்து, கித்துல்கலவைக் கடந்து அவிசாவளைக்கு இறங்கும்போது, கம்பளி மேலாடையை ஒவ்வோர் ஊராகக் கழற்றுவது போல உடம்பு சூடேறிக்கொண்டு வரும். காலையில் விறைத்துக் கிடந்த விரல்கள் களத்தை அடையும்போது வியர்க்கத் தொடங்கியிருக்கும். விசையின்மேல் வைக்கும் விரலுக்கு இந்த இரண்டுமே பகை.

முதல் நாள் 15 மீற்றரில் பத்து ரவைகள் சுட்டேன். பத்தும் அட்டையில்தான் பட்டிருந்தன. ஆனால் பெரும்பாலானவை மையத்தைவிட்டு இடப்பக்கமாகக் கீழே இறங்கிக் குவிந்திருந்தன. துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் பின்குறி சரியில்லை என்று நினைத்து அதைத் திருப்பத் திருகாணிச்சாவியை எடுத்தேன். எங்கள் பயிற்றுநர், இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். என் கையிலிருந்து ரவைக்கூட்டை வாங்கித் திரும்பி நின்று நிரப்பிக் கொடுத்தார். மூன்றாவது சூட்டில் ரவை வெடிக்கவில்லை. அவர் நடுவில் ஒரு பிளாஸ்டிக் போலி ரவையைச் செருகியிருந்தார். வெடிப்பும் இல்லை, உதைப்பும் இல்லை. ஆனால் குழலின் முனை இடப்பக்கமாகக் கீழே குனிந்ததை நானே என் கண்ணால் பார்த்தேன். "ஐயா, துவக்கு ஆடல்ல, நீங்கதான் ஆடுறீங்க" என்றார்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் உதைப்பைப் பற்றிய அச்சம். பெரிய ரவையைச் சுடுபவர் அடியை எதிர்பார்த்து முன்கூட்டியே கையை அழுத்திவிடுவார். ஆனால் இருபத்திரண்டில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? அந்தக் கேள்வியோடுதான் அன்று மலையேறினேன். விடை சில வாரங்கள் கழித்து, வேறு வேலையாகப் பழைய ஸ்டோருக்குப் போயிருந்தபோது கிடைத்தது. பழக்கதோஷத்தில், கொழுந்தைப் பரப்பி வாட்டும் ட்ரஃபில் கிடந்த வாட்டிய கொழுந்தை ஒரு பிடி அள்ளி அழுத்தினேன். டீமேக்கர்கள் எல்லோரும் செய்வதுதான்: ஐந்து விரலும் ஒருசேர இறுக, விட்டதும் கொழுந்து பந்தாக நின்று மெல்ல விரிந்தால் வாட்டம் சரி; சடக்கென்று விரிந்தால் இன்னும் ஈரம் போக வேண்டும். கருவிகள் இருந்தாலும் நாங்கள் முதலில் நம்புவது உள்ளங்கையைத்தான். முப்பத்து மூன்று வருடம், நாளொன்றுக்குப் பலமுறை, இந்தக் கை ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கவே பழகியிருக்கிறது. அதனிடம் போய், நான்கு விரல் அசையாமல் இருக்க, சுட்டுவிரல் மட்டும் தனியே நகர வேண்டும் என்றால் எப்படிக் கேட்கும்? விசையை அழுத்தும்போதெல்லாம் முழுக் கையும் கொழுந்தைப் பிழிந்துகொண்டிருந்தது. வலக்கைக்காரன் அப்படிப் பிழிந்தால் குழல் இடப்பக்கமாகக் கீழேதான் போகும்.

நாற்பத்தைந்தைக் கொண்டு தொடங்கியிருந்தால் இதை நான் ஒருநாளும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். அதன் உதைப்பின் மேல் பழியைப் போட்டிருப்பேன், இன்னும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லி யாராவது அறிவுரை கூறியிருப்பார்கள், நானும் இறுக்கியிருப்பேன். இருபத்திரண்டு சாக்குப்போக்குக்கு இடம் கொடுப்பதில்லை. ஸ்லைட் போய்வரும் நேரத்தில்கூட முன்குறி கண்ணைவிட்டு முழுதாக விலகாததால், சுட்ட கணத்தில் அது எங்கே இருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. அட்டையைப் பார்க்குமுன்பே தவறு தெரியும். அமெரிக்காவின் பழைய பாணிக் குறிச்சுடு போட்டிகளில் ஒரே ஆள் இருபத்திரண்டு, அடிப்பாகத்தின் நடுவில் வெடிப்பூச்சு உள்ள ரவை, நாற்பத்தைந்து ஆகிய மூன்றிலும் தலா 90 ரவைகளை ஒற்றைக் கையால் சுட்டு, மொத்தம் 2,700 புள்ளிகளுக்குப் போட்டியிடுகிறார். அந்த வரிசையில் இருபத்திரண்டும் மற்ற இரண்டுக்கும் சமமான 900 புள்ளிகளைச் சுமக்கிறது; அதை யாரும் பொம்மை என்பதில்லை.

இந்த இடத்தில் பிரௌனிங்கின் வடிவத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் விசை ஓர் ஆணியைச் சுற்றிச் சுழலும். இதில் அது இழுப்பறை போல நேராகப் பின்னே வருகிறது. தூரம் மிகக் குறைவு. சுத்தியல் முன்னமே பின்னிழுத்து நிற்பதால் விரல் செய்ய வேண்டிய வேலையும் சிறிது. கைப்பிடியின் பின்புறத்தில் உள்ள பாதுகாப்புத் தகட்டை உள்ளங்கை அழுத்தினாலன்றிச் சுடாது. பெருவிரலுக்குத் தனியே ஒரு பூட்டு. இருபத்திரண்டுக்கென்றே பிறந்த இலகுரகத் துப்பாக்கிகளில் இதைவிடக் கூர்மையாகச் சுடுபவை உண்டு. ஒலிம்பிக் வீரர்கள் வைத்திருப்பவை கைக்கு அச்செடுத்த மரப்பிடியோடு வேறொரு பிராணி போல இருக்கும். எனக்கு இந்தப் பழைய உருவமே போதும். அதன் தட்டையான பக்கங்கள் என் மெலிந்த கைக்கு அடங்குகின்றன.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த ரவையின் வெடிப்பூச்சு அடிப்பாகத்தின் விளிம்பைச் சுற்றிப் பூசப்பட்டிருக்கிறது. அது சீராகப் பரவாத இடத்தில் ஊசி குத்தினால் வெடிக்காது. அப்போது குழலைக் களத்தை நோக்கியே வைத்துக்கொண்டு முப்பது நொடி காத்திருந்து, பிறகே ரவையை வெளியேற்ற வேண்டும். அந்த முப்பது நொடியும் மிக நீளமானவை. விளிம்புள்ள ரவை என்பதால், நிரப்பும்போது மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதன் விளிம்புக்கு முன்னால் அமர வேண்டும். மாறி அமர்ந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மேலே வர மறுக்கும். வேகம் குறைந்த ரவைகளைக் கொடுத்தால் ஸ்லைட் பாதி வழியில் நின்று, வெற்றுக்கூட்டை வாயில் கவ்விக்கொண்டு விழிக்கும். முதல் நூறு ரவைகளில் ஏழெட்டு முறை எனக்கு அப்படி நடந்தது. ரவையின் வகையை மாற்றியதும் தீர்ந்தது. ரவை இல்லாமல் வெறுமனே விசையை அழுத்திப் பழகவும் முடியாது. ஊசி நேரே ரவையறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழச் செய்துவிடும் என்பதால் உள்ளே ஒரு போலி ரவையோ வெற்றுக்கூடோ இருக்க வேண்டும். வீட்டில் என் பயிற்சியில் பாதி அப்படித்தான் நடக்கிறது: சுட்டுவிரல் மட்டும், மற்ற நான்கும் சும்மா.

மலைநாட்டுக்கே உரிய தொல்லை ஈரம். துத்தநாக ஸ்லைடில் துரு ஏறாது. ஆனால் குழல், வில்கள், திருகாணிகள், ரவைக்கூடு எல்லாம் எஃகு. தென்மேல் பருவக்காற்று தொடங்கி ஜன்னல் கண்ணாடியில் மூன்று நாள் தொடர்ந்து நீர் வழியும் ஜூன் மாதத்தில் ஒருமுறை, தோலுறையில் போட்டே பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் திறந்தபோது தோலில் சாம்பல் நிறப் பூஞ்சை; ரவைக்கூட்டின் உதடுகளில் செம்புள்ளிகள். உலர்த்தியிலிருந்து வரும் தேயிலையை 3 சதவீத ஈரத்துக்கு அருகில் நிறுத்துவதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் செய்த பிழை இது என்பதால் யாரிடமும் சொல்லாமல் நானே தேய்த்து எடுத்தேன். தோல் ஈரத்தை உறிஞ்சி உள்ளேயே வைத்திருக்கும். இப்போது தோலுறை அலமாரியில் தனியே தொங்குகிறது. துப்பாக்கி எண்ணெய் பூசிய துணியில், ஈரமுறிஞ்சும் மணிப்பைகளோடு படுத்திருக்கிறது. களத்திலிருந்து திரும்பிய இரவே ஈயத்தையும் மெழுகுக் கரியையும் துடைத்துவிடுகிறேன். அந்த எண்ணெய் வாசனை மட்டும் என் மனைவிக்குப் பிடிக்கும். பழைய தையல் மெஷின் வாசனை என்பார்.

நாற்பத்தைந்தை நான் இதுவரை சுட்டதில்லை. சுட வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

சென்ற மாதம் 25 மீற்றரில், 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள பத்தாம் வட்டத்தைக் கொண்ட அட்டையில் கடைசிப் பத்து ரவைகளைச் சுட்டேன். எட்டு கறுப்புக்குள் இருந்தன. அவற்றிலும் இரண்டுதான் பத்தைத் தொட்டவை. மிஞ்சிய இரண்டும் வெள்ளையில், இடப்பக்கமாகக் கீழே, பழைய டீமேக்கரின் கையெழுத்தாக நின்றன. அட்டையைப் படமெடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். கித்துல்கலவில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது பதில் வந்திருந்தது: "எத்தன மீட்டர் மாமா?"